முப்பத்தெட்டு டிகிரிக் கணவன்

தோர்ஃபி ஒரு தீர்மானம் எடுத்தான். வியாழக்கிழமை காலை பத்து மணியிலிருந்து பிற்பகல் மூன்றேகால் வரை தன் மனைவியை ஒரு நிமிடம்கூடத் தனியாக விடுவதில்லை.

இதைக் காதல் என்று நினைத்து யாரும் உருகிவிட வேண்டாம். அவர்களுக்குக் கல்யாணமாகி இருபத்து மூன்று வருஷம் ஆகிறது. இது காவல்.

விஷயம் இதுதான். தோர்ஃபியும் ஸ்வாவாவும் ஸ்பெயின் தேசத்துத் தெனெரிஃபே தீவுக்கு வெயில் காயப் போகிறார்கள். பிப்ரவரி மாதத்தில் ஐஸ்லாந்துக்காரர்களில் பாதிப் பேர் தெனெரிஃபேயில் இருப்பார்கள், மீதிப் பேர் அங்கே போக வரிசையில் நிற்பார்கள். மேற்குக் கோடியில் மலைகளுக்கு நடுவே ஒளிந்திருக்கும் இசாஃப்யோர்துரிலிருந்து சின்ன விமானத்தில் ரெய்க்யாவிக். அங்கே மூன்றேகால் மணிப் பேருந்தைப் பிடித்தால் பெரிய விமான நிலையம். அப்புறம் வெயில்.

நடுவில் தலைநகரத்தில் ஐந்தேகால் மணி நேரம் சும்மா இருக்க வேண்டும். டிக்கெட் எடுத்தது ஸ்வாவா.

"எதுக்கு இவ்வளவு இடைவெளி?" என்று அப்போதே கேட்டான்.

"நம்ம ஊர் ஃப்ளைட் என்னிக்குச் சரியாக் கிளம்பியிருக்கு? காத்தடிச்சா நாலு மணி நேரம் தாமதம். பஸ்ஸை விட்டுட்டு நடுரோட்டுல நிப்பியா?"

நியாயம்தான். ஸ்வாவா சொல்வது எப்போதும் நியாயமாகத்தான் இருக்கும். தோர்ஃபியின் வாழ்க்கையில் இருந்த ஒரே கஷ்டம் அது.

ஆனால் போன வாரம் சமையலறை மேசையில் டேப்லெட் திறந்தபடி கிடந்தது. வெண்ணெய் டப்பாவில் சாய்த்து வைத்திருந்தது. தோர்ஃபி பிறர் கடிதத்தைப் படிக்கிறவன் இல்லை. கருவாட்டுக்கு வெண்ணெய் தடவப் போனான், கண் தானாகப் பட்டது. ரெய்க்யாவிக் மாலுமிப் பள்ளி. உங்கள் விண்ணப்பம் கிடைத்தது. வியாழன் ஒரு மணிக்கு நேரில் பேசலாம்.

கருவாட்டை வெண்ணெய் தடவாமலே தின்றான்.

ஸ்வாவா பதினாறு வருஷமாகத் தன் அண்ணன் படகில் மீன் பிடிக்கப் போகிறாள். வலது கையில் சுக்கான், இடது கையில் காபி. படகை ஓட்டுவது அவள், காற்றைப் படிப்பது அவள், எங்கே மீன் என்று சொல்வது அவள். காகிதத்தில் மட்டும் அண்ணன் கேப்டன், அவள் கூலியாள். ஏனென்றால் அண்ணனிடம் சான்றிதழ் இருக்கிறது, அவளிடம் இல்லை. சான்றிதழ் வேண்டுமென்றால் இரண்டு வருஷம் ரெய்க்யாவிக்கில் படிக்க வேண்டும். நாற்பத்தாறு வயதில் படிக்கப் போகிறாள். போகட்டுமே! இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று நீங்கள் கேட்பீர்கள்.

தோர்ஃபிக்கு நஷ்டம். சமைக்கத் தெரியாதவன் என்று அவசரப்பட்டு முடிவு கட்டாதீர்கள். நன்றாகச் சமைப்பான். ஸ்வாவா கடலில் இருந்த நாட்களில் இரண்டு பெண்பிள்ளைகளுக்கும் தலை பின்னி, சோறு போட்டு, பள்ளிக்கு அனுப்பியது அவன்தான். அவனுக்கு வராதது ஒன்றே ஒன்று, பேசாமல் இருப்பது. அவன் பார்ப்பது நகராட்சியின் பனி தள்ளும் வண்டியில் ஓட்டுநர் வேலை. காலை நாலு மணியிலிருந்து தன்னந்தனியாக வண்டியில் உட்கார்ந்து சேர்த்துவைத்த பேச்சையெல்லாம் சாயங்காலம் ஸ்வாவாவின் காதில்தான் கொட்டுவான். பிள்ளைகள் இருவரும் வேலைக்கென்று வெளியூர் போயாயிற்று. இனி அவளும் போனால் இரண்டு குளிர்காலம் சுவரோடுதான் பேச வேண்டும்.

வாயைத் திறந்து 'போகாதே' என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அவள் 'ஏன்' என்று கேட்பாள். அதற்கு அவனிடம் பதில் இல்லை. பதில் இல்லாத ஆண்கள்தான் திட்டம் போடுகிறார்கள்.

வேலைக்கான படிவம் ஒன்றை எடுத்தான். தெருப் பெயர் ஒரு கட்டத்தில், நேரம் ஒரு கட்டத்தில், முடிந்ததும் டிக் அடிக்க ஒரு கட்டம். பன்னிரண்டு வருஷமாகப் பனி தள்ளிய ஒழுங்கோடு ரெய்க்யாவிக்கை நிமிடம் நிமிடமாக வெட்டிப் பிரித்தான்.

"ஸ்வாவா, அந்த அஞ்சேகால் மணி நேரத்த வீணாக்கக் கூடாது."

"வேண்டாம்."

"ஒரு நிமிஷம்கூட."

"சரி."

"எல்லா எடத்துக்கும் ரெண்டு பேரும் சேர்ந்தே போறோம்."

"பின்ன? நான் மட்டும் தனியாப் போய் அங்க என்ன பண்ணப் போறேன்?"

அவள் முகத்தைக் கூர்ந்து பார்த்தான். வேகவைத்த உருளைக்கிழங்கில் எவ்வளவு செய்தி இருக்குமோ அவ்வளவுதான் இருந்தது.

அவள் படிவத்தை எட்டிப் பார்த்தாள். "பத்தரைக்குக் காபி, சரி. பதினொண்ணேகாலுக்கு ஹாட்டாக், சரி. பன்னெண்டுலேர்ந்து ரெண்டு வரைக்கும் மியூசியமா? ரொம்ப நல்லது. நீ கீழ வாளெல்லாம் பாரு, நான் மேல போய்த் துணிமணி பாக்கறேன்."

தோர்ஃபி மியூசியத்தை அடித்தான். "கடைத்தெருவுக்குப் போலாம்."

"அதுவும் நல்லதுதான். நீ வாசல்ல நில்லு, நான் உள்ள போய்ட்டு..."

கடைத்தெருவையும் அடித்தான். பேனா முனை காகிதத்தைக் கிழித்தது.

"எங்க வேணாலும் போலாம்ப்பா," என்றாள் ஸ்வாவா பெருமூச்சோடு. "நீச்சல் குளம் மட்டும் வேண்டாம்."

"ஏன்?"

"ஈரத்துணியத் தூக்கிட்டு ஃப்ளைட் ஏறணும். தல காயாது. அதுவுமில்லாம உள்ள போய்ட்டா ரெண்டு மணி நேரம் ஆளு வெளிய வர முடியாது."

அந்தக் கடைசி வாக்கியம் தோர்ஃபியின் காதில் தேவாலயப் பாடகர் குழுவே சேர்ந்து பாடியதுபோல் விழுந்தது.

"குளம்தான்!"

"தோர்ஃபி, வேண்டாம்னு சொல்றேன்."

"குளத்துக்குத்தான் போறோம்! ரெய்க்யாவிக் போய்ட்டு வெந்நீர்த் தொட்டில உக்காராம வருவாங்களா? பன்னெண்டுலேர்ந்து ரெண்டு. எழுதியாச்சு!"

"உன் இஷ்டம்," என்று சொல்லிவிட்டு அவள் பின்னலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். தோல்வியடைந்த பெண் இப்படித்தான் உட்காருவாள் என்று தோர்ஃபி நினைத்தான்.

வியாழக்கிழமை காலை அவன் காற்றுக்காக வேண்டிக்கொண்டான். வருஷத்தில் முந்நூறு நாள் அடிக்கிற காற்று அன்று பார்த்து லீவு போட்டுவிட்டது. விமானம் குறித்த நேரத்துக்குக் கிளம்பியது. வழியில் ஸ்வாவா குறுக்கெழுத்துக்குப் பேனா கேட்டாள், கொடுத்தான். "அந்த அட்டவணைய ஒரு தடவ பாக்கறேனே" என்றாள், அதையும் கொடுத்தான். கொஞ்ச நேரம் ஏதோ கிறுக்கிவிட்டு இரண்டையும் மடித்துத் திருப்பித் தந்தாள். அவன் பார்க்காமல் கம்பளிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டான். கீழே மலைகள் வெள்ளை வெளேரென்று கிடந்தன. இதையெல்லாம் தள்ள எத்தனை வண்டி வேண்டும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தான்.

பத்தரைக்குக் காபிக் கடை. முறுக்கிப் பொரித்த க்ளைனா ரொட்டி இரண்டு. ஸ்வாவா எழுந்தாள்.

"எங்க?"

"பாத்ரூமுக்கு."

"நானும் வரேன்."

"எதுக்கு?"

"எனக்கும்தான்."

பெண்கள் கழிப்பறை வாசலில் ஆணி அடித்தாற்போல் நின்றான். ஒரு சின்னப் பெண் வந்து, "நீங்க வரிசைல நிக்கறீங்களா?" என்று கேட்டாள்.

"இல்ல."

"அப்ப நகருங்க."

நகர்ந்தான். இரண்டடி. அதற்குமேல் கதவு தெரியாது.

தெருவில் இறங்கியபோது அவனுக்கு வேறு ஒரு அதிர்ச்சி காத்திருந்தது. கடைத்தெருவின் நடைபாதையில் பனியே இல்லை. அடியில் வெந்நீர்க் குழாய் ஓடுகிறது, விழுகிற பனி விழுந்த இடத்திலேயே உருகிப் போகிறது.

"பாத்தியா இவங்க பண்றத? தள்ளாம உருக்கறாங்க! ஒரு தொழிலையே அவமானப்படுத்தறாங்க!"

"பாவம்," என்றாள் ஸ்வாவா. அனுதாபம் அவனுக்கா பனிக்கா என்று தெரியவில்லை.

ஆனால் சந்துக்குள் திரும்பியதும் அவன் முகம் மலர்ந்தது. அங்கே வெந்நீரும் இல்லை, ஒழுங்காகத் தள்ளவும் இல்லை. தெருவில் இருந்த பனியையெல்லாம் வாரி, ஜனங்கள் கடக்கிற இடத்திலேயே குவித்து வைத்திருந்தார்கள். ஒரு பெண் தள்ளுவண்டியில் குழந்தையோடு அதன்மேல் மலையேறிக்கொண்டிருந்தாள். தோர்ஃபி ஓடிப்போய்த் தூக்கிவிட்டான். ஓடும்போதும் தலையைத் திருப்பி ஸ்வாவா இருக்கிறாளா என்று பார்த்துக்கொண்டான்.

"எந்த மடையன் தள்ளினான் இத? பிளேடச் சாய்க்கவே தெரியல. நான் இருந்தா இந்தத் தெருவ இருபது நிமிஷத்துல கண்ணாடி மாதிரி ஆக்கிடுவேன்."

"ஆக்குவ," என்றாள் ஸ்வாவா. அது புகழ்ச்சிதான். அவளிடமிருந்து அவ்வளவுதான் வரும்.

ஹாட்டாக்கை நின்றபடியே, பொரித்த வெங்காயம், பச்சை வெங்காயம், கடுகு, சாஸ் எல்லாம் போட்டுச் சாப்பிட்டார்கள். பக்கத்துத் தெருவில் போனால் துறைமுகம். தோர்ஃபி மனைவியைத் தோளைப் பிடித்து எதிர்ப்பக்கம் திருப்பி நடத்திக்கொண்டு போனான். கப்பல் வாசனைகூட மூக்கில் ஏறக் கூடாது. பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது குளத்தின் வாசலில் இருந்தார்கள். மனசுக்குள் ஒரு டிக்.

ஆண்கள் பக்கம், பெண்கள் பக்கம் என்று பிரியத்தான் வேண்டும். அது ஒன்றுதான் திட்டத்தில் ஓட்டை. தோர்ஃபி உடுப்பைக் களைந்து, சோப்புப் போட்டு, தேய்த்து, கழுவி, கண்காணிப்பாளர் முறைக்க முறைக்க நாலு நிமிடத்தில் குளித்து முடித்தான். ஊரில் யாரும் இந்த வேகத்தில் குளித்ததாகச் சரித்திரம் இல்லை. நீச்சல் ஜட்டியோடு வெளியே ஓடிவந்து, பூஜ்யத்துக்கு நாலு டிகிரி கீழே, வெறுங்காலில், பெண்கள் வரும் கதவைப் பார்த்து நின்றான். உடம்பில் ஆவி பறந்தது.

ஏழாவது நிமிடம் ஸ்வாவா வந்தாள். தலையில் அவளே பின்னிய ஆரஞ்சுக் கம்பளித் தொப்பி.

"இங்க ஏன் நிக்கற? வெறைச்சுச் செத்துப் போவ."

"உனக்காகத்தான்."

"ஐயோ பாவம்," என்று அவன் கன்னத்தைத் தட்டிவிட்டு அவள் நேராக நாற்பத்து நாலு டிகிரித் தொட்டிக்கு நடந்தாள்.

இதைத் தோர்ஃபி மறந்துவிட்டான். இருபத்து மூன்று வருஷமாகத் தெரிந்த விஷயம், அன்றைக்குப் பார்த்து மறந்துவிட்டது. ஸ்வாவா நாற்பத்து நாலு டிகிரிக்காரி. அவன் முப்பத்தெட்டு. ஊர்க் குளத்திலும் அப்படித்தான். நாற்பத்து நாலில் மீனவர்கள் உட்காருவார்கள். முப்பத்தெட்டில் கைக்குழந்தைகளும் அவர்களுடைய அம்மாக்களும் தோர்ஃபியும்.

கடமை என்று வந்துவிட்டதே. நாற்பத்து நாலில் வலது கால் கட்டை விரலை விட்டான். விட்ட வேகத்தில் எடுத்தான். எண்ணிப் பார்த்தான். ஐந்தும் இருந்தன.

"நீ உன் தொட்டிக்குப் போப்பா," என்றாள் ஸ்வாவா, கழுத்துவரை மூழ்கியபடி. "நான் எங்கயும் போயிட மாட்டேன்."

அவன் முப்பத்தெட்டுக்குப் போனான். உட்கார்ந்த இடம் பிரமாதமாக அமைந்தது. ஆறு மீட்டர் தூரத்தில் நாற்பத்து நாலு. அதற்குப் பின்னால் பெண்கள் கதவு. அதற்கு மேலே பெரிய கடிகாரம். மூன்றும் ஒரே நேர்க்கோட்டில். ராணுவத் தளபதிகூட இப்படி ஓர் இடம் பிடித்திருக்க மாட்டான். ஆவிக்கு நடுவே ஆரஞ்சுத் தொப்பி கலங்கரை விளக்கம் மாதிரித் தெரிந்தது.

பன்னிரண்டே முக்காலுக்கு அந்தத் தொட்டியில் இன்னொரு பெண் இறங்கினாள். அறுபது வயதிருக்கும். தலையில் பூப்போட்ட ரப்பர்த் தொப்பி. ஸ்வாவாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். இருவரும் பேச ஆரம்பித்தார்கள். ஸ்வாவா கையைத் தண்ணீருக்கு மேலே தூக்கி இப்படியும் அப்படியும் அசைத்தாள். அந்தப் பெண் விரலால் காற்றில் ஒரு கோடு போட்டாள். ஸ்வாவா தலையை ஆட்டி வேறு மாதிரிக் கோடு போட்டாள்.

கம்பளிச் சட்டைக்குக் கை எவ்வளவு நீளம் வைப்பது என்று பேசுகிறார்கள், என்று தோர்ஃபி முடிவு செய்தான். ஏன்? இரண்டு பெண்கள், அதிலும் ஒருத்தி தலையில் பூ. பூவுக்கு அடியில் வேறு எதுவும் இருக்கக்கூடும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. இத்தனைக்கும் இருபத்து மூன்று வருஷம் ஸ்வாவாவோடு குடித்தனம் நடத்தியவன்!

பேசட்டும். நன்றாகப் பேசட்டும். பின்னல் பேச்சு லேசில் முடியாது.

பெரிய முள் பன்னிரண்டைத் தொட்டது. ஒரு மணி. நகரத்தின் எங்கோ ஒரு மூலையில், ஒரு பள்ளிக்கூட அறையில், ஒரு காலி நாற்காலி. தோர்ஃபி கண்ணை மூடி அந்த நாற்காலியைப் பார்த்தான். ஜெயித்துவிட்டான். ஆனால் ஜெயித்தவனுக்கு இருக்க வேண்டிய சந்தோஷம் வரவில்லை. ஆரஞ்சுத் தொப்பியைப் பார்த்தால் நெஞ்சில் ஏதோ மீன்முள் மாதிரிக் குத்தியது. ஒரு வார்த்தை முணுமுணுக்காமல் உட்கார்ந்திருக்கிறாளே! சண்டை போட்டாலாவது தேவலை.

ஒன்றேகாலுக்குப் பூத்தொப்பி எழுந்தாள். வெந்த இறால்போலச் சிவந்த உடம்போடு நடந்து வந்து முப்பத்தெட்டில் இறங்கி, தோர்ஃபியின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அப்பாடா. கொஞ்சம் ஆற வேண்டியிருக்கு. நீ என்னப்பா, ரொம்ப நேரமா அந்தப் பக்கமே பாத்துட்டிருக்க?"

"அங்க என் பொண்டாட்டி."

"ஆரஞ்சுத் தொப்பியா?"

"ஆமா. உங்களோட பேசிட்டிருந்தாளே. பின்னல் வேலயப் பத்தித்தானே?"

அந்த அம்மாள் அவனை ஒரு முறை மேலும் கீழும் பார்த்தாள். "ஏன் அப்படித் தோணிச்சு?"

"கைய ஆட்டி ஆட்டிப் பேசினீங்களே."

"ஓ," என்றாள் அவள். "எந்த ஊரு?"

"இசாஃப்யோர்துர்."

"யாரோட பையன்?"

அப்பா பெயரைச் சொன்னான், தாத்தா பெயரையும் சொன்னான். தெரிந்த குடும்பம்தான் என்று அவள் தலையாட்டினாள்.

"படகுல வேலைன்னு சொன்னா உன் பொண்டாட்டி. சமையலா?"

தோர்ஃபி தண்ணீரில் பாதி எழுந்துவிட்டான். பக்கத்தில் மிதந்த குழந்தை ஆடியது.

"சமையலா? என்ன பேச்சுங்க இது? பொம்பளன்னா படகுல கரண்டி பிடிக்கத்தான் போவாளா? நீங்களும் ஒரு பொம்பளதானே, நீங்களே இப்படிப் பேசலாமா?"

"தப்புத்தான். வேற என்ன பண்ணுவா?"

"படகே அவதான்! போன வருஷத்துக்கு முந்தின வருஷம் அக்டோபர்ல நடந்தது தெரியுமா உங்களுக்கு? அண்ணன்காரன் வழுக்கி விழுந்து விலா எலும்பு ரெண்டு போச்சு. கீழ படுத்துட்டான். மேல அடிக்குது வடக்குக் காத்து. தெறிக்கற தண்ணி தெறிச்ச எடத்துலயே ஐஸாகுது. கம்பி, கயிறு, கூரை எல்லாம் ஐஸ். படகு மேல் பாரம் தாங்காம ஆடுது. நாலு ஆம்பளைங்க, திருப்பு கரைக்குப் போலாம்னு கத்தறாங்க. அவ திருப்பல."

"ஏன்?" என்றாள் அந்த அம்மாள். குரலில் இருந்த விளையாட்டு காணாமல் போயிருந்தது.

"திருப்பினா அலை விலாவுல அடிக்கும். அவ்வளவு ஐஸோட பக்கவாட்டுல ஒரு அலை வாங்கினா கவுந்துடும். மூக்க அலைக்கு நேரா வெச்சு, மெதுவா, நின்ன எடத்துலயே ஏழு மணி நேரம் நின்னா. ஆளுக்கொரு மரச்சுத்தியலக் கையில குடுத்து, தட்டுங்கடா ஐஸைன்னா."

"ராடார்?"

"உறைஞ்சு போச்சு."

"அப்ப எப்படி உள்ள வந்தா?"

"காத்து கொஞ்சம் தணிஞ்சப்புறம், ஆழம் காட்டற கருவிய மட்டும் பாத்துட்டு. அறுபது மீட்டர் ஆழத்த விடாமப் பிடிச்சுட்டே மலையோரமா, குருடன் சுவத்தத் தடவிட்டு வர்ற மாதிரி உள்ள வந்தா. அஞ்சு பேரும் உயிரோட கரை சேர்ந்தாங்க. நான் படகுத்துறைல பனி வண்டியோட எல்லா விளக்கையும் போட்டுட்டு நிக்கறேன். ஆறு மணிக்கே கும்மிருட்டு. விளக்குல முதல்ல தெரிஞ்சது அந்த ஆரஞ்சுத் தொப்பிதான்." ஆவி தொண்டைக்குள் போய்விட்டது என்று இருமிக் காட்டினான். "எறங்கி வந்து என்ன சொன்னா தெரியுமா?"

"கொஞ்சம் காத்து," என்றாள் அந்த அம்மாள்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றான் தோர்ஃபி.

"எங்கிட்டயும் அதேதான் சொன்னா. கஷ்டமான பயணம் ஏதாவது உண்டான்னு கேட்டேன். ஒரு தடவ கொஞ்சம் காத்துன்னா. அதுக்கு மேல ஒரு வார்த்தை வாங்க முடியல. அரை மணி நேரமா அலை, நீரோட்டம், வரைபடம்னு எதக் கேட்டாலும் கைய வெச்சுக் கோடு போட்டுச் சரியாச் சொல்றா. தன்னைப் பத்திக் கேட்டா மட்டும் வாய் பூட்டிக்குது. கடைசில, மிச்சத்த முப்பத்தெட்டுல உக்காந்திருக்கறவர்ட்ட கேளுங்கன்னா."

முப்பத்தெட்டு டிகிரித் தண்ணீர் தோர்ஃபியைச் சுற்றி உறைந்துபோனது.

"நீங்க... நீங்க யாரு?"

"ஹெர்தீஸ். இருபத்தஞ்சு வருஷம் பெரிய கப்பல்ல கேப்டன். இப்ப மாலுமிப் பள்ளிக்கு வர்றவங்கள நான்தான் பாத்து எடுக்கறேன். மத்தியானத்துல ஆளுங்களோட இங்கதான் பேசறது. ஆபீஸ்ல ரொம்பக் குளிரு." அவள் எழுந்து பூத்தொப்பியைச் சரிசெய்துகொண்டாள். "சாட்சி சொன்னதுக்கு நன்றிப்பா. ரொம்ப வருஷமாச்சு இப்படி ஒரு நல்ல சாட்சியக் கேட்டு."

அவள் நாற்பத்து நாலு டிகிரித் தொட்டி ஓரமாகப் போய்க் குனிந்து இரண்டு வார்த்தை சொன்னாள். ஆரஞ்சுத் தொப்பி ஒருமுறை மேலும் கீழும் ஆடியது. பிறகு மெல்லத் தண்ணீருக்குள் மூழ்கி, வெளியே வந்தது.

மூன்றேகால் மணிப் பேருந்து கிளம்பிப் பத்து நிமிடம்வரை தோர்ஃபி பேசவில்லை. அது ஒரு சாதனை. ஸ்வாவா பையைப் பிரித்துக் கருவாட்டுத் துண்டில் வெண்ணெய் தடவி நீட்டினாள்.

"வேண்டாம்."

"சாப்பிடு."

சாப்பிட்டான். "டேப்லெட்ட மறந்து வெச்சுட்டுப் போன அன்னிக்கே நான்..."

"மறந்தா வெச்சேன்? நீ வெண்ணெய் எடுக்க வருவேன்னுதான் அந்த டப்பால சாத்தி வெச்சேன்."

"எதுக்கு? சும்மா விட்டிருந்தா நான்பாட்டுக்கு இருந்திருப்பேனே!"

"சும்மா விட்டிருந்தா நீ டிராக்டர் பாக்கறேன்னு கடைக்குப் போயிருப்ப. எனக்கு நீ அங்க எங்கயும் நகராம உக்காந்திருக்கணும். ஒரு மணிக்கு."

"அந்த அக்டோபர் கதைய நீயே சொல்லியிருக்கலாமே."

"என்னைப் பத்தி நானே எப்படிப்பா சொல்றது? அசிங்கமா இருக்காது?" அவளுக்கு உண்மையாகவே காது சிவந்தது. "அதுக்குத்தான் உன்னக் கூட்டிட்டு வந்தேன். உன்ன முப்பத்தெட்டு டிகிரில பத்து நிமிஷம் ஊற வெச்சாப் போதும், என்னைப் பத்திப் பேச ஆரம்பிச்சுடுவ. ஊர்க் குளத்துல இத்தன வருஷமா காதுல விழுந்துட்டுத்தானே இருக்கு?"

தோர்ஃபி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். கறுத்த எரிமலைப் பாறைகளின் மேல் பனி திட்டுத்திட்டாகக் கிடந்தது. கோபம் வர வேண்டிய இடம். தேடிப் பார்த்தான். வேறு ஏதோதான் வந்தது. இப்படி ஒரு மூளை தன் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து பின்னிக்கொண்டிருக்கிறதே என்று மலைப்பாக இருந்தது. அஞ்சு ஆம்பிளைகளைக் கரைசேர்த்தவளுக்குத் தான் ஒருவன் எம்மாத்திரம்?

"ஆகஸ்டுலேர்ந்து வகுப்பு," என்றாள் ஸ்வாவா. "ரெண்டே வருஷம். நீ கவலப்படாத. ஊர்லயே நிம்மதியா இரு. இங்க மட்டும் வந்துடாத."

"ஏன் வரக் கூடாது?"

"உனக்கு ஒத்து வராது. தரையச் சூடு பண்ணிப் பனிய உருக்கற ஊரு. உனக்கு இங்க என்ன வேல?"

"கடைத்தெருல மட்டும்தான் சூடு! சந்தெல்லாம் பாத்தல்ல? அந்தப் பொண்ணு குழந்தையோட மலையேறினாளே, பாத்தல்ல?"

"பாத்தேன். அவங்க எப்படியோ சமாளிச்சுப்பாங்க."

"எப்படிச் சமாளிப்பாங்க? பிளேடச் சாய்க்கவே தெரியாதவனுங்க! இந்த ஊருக்கு என்னை மாதிரி ஒருத்தன்தான் வேணும்."

"வேண்டாம் தோர்ஃபி. சொன்னாக் கேளு."

"நான் வருவேன்!"

"வேண்டாம்னு சொல்றேன்."

"வந்தே தீருவேன்! ரெண்டு வருஷமும்! நீ யாரு என்னைத் தடுக்க?"

பேருந்தில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஐஸ்லாந்தில் பேருந்தில் யாரும் சத்தம் போட்டுப் பேசுவதில்லை. அந்த அமைதியில் தோர்ஃபிக்குத் தன் குரலே தன் காதில் திரும்ப விழுந்தது. இதே குரல். இதே ஏற்றம். போன வாரம் சமையலறையில், 'குளம்தான்' என்று கத்தினானே, அதே.

"உன் இஷ்டம்," என்று பெருமூச்சு விட்டாள் ஸ்வாவா.

அவன் சட்டைப் பையிலிருந்து அட்டவணையையும் பேனாவையும் உருவினாள். மடிப்பைப் பிரித்தாள். காபி, ஹாட்டாக், குளம் எல்லாம் தாண்டி, கடைசிக் கட்டத்துக்குக் கீழே, அவள் கையெழுத்தில் ஒரு வரி இருந்தது. காலையில் விமானத்தில் குறுக்கெழுத்துப் போட்ட பேனாவால் எழுதியது.

'3.55 – தோர்ஃபி தானும் வருவதாக அடம் பிடிப்பான்.'

பக்கத்தில் ஒரு டிக் அடித்துவிட்டு அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

"மூணு முப்பத்தஞ்சு. இருபது நிமிஷம் முந்திட்ட."